பர்மாவில் வென்றது ஸ்லிமா, பசியா?

பர்மா போரில் ஜப்பானியர் தோற்றதற்கு ஜெனரல் வில்லியம் ஸ்லிம் காரணமா, இல்லை பட்டினியும் மழையும் மலேரியாவும் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரை இரண்டாம் உலகப் போரின் தலைசிறந்த பிரிட்டிஷ் தளபதி என்று சிலர் சொல்வது மிகையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. எதிரி தன் தவறாலேயே அழிந்துபோன இடத்தில், எதிரே நின்ற தளபதிக்கு எவ்வளவு பெயர் கொடுக்கலாம்? நியாயமான கேள்வி. ஸ்லிமைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலரும் இதை நேராகத் தொடுவதில்லை.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. ராணுவத்தில் சப்ளைப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். அதில் ஒரு பகுதி மணிப்பூர், நாகாலாந்து மலைப்பாதைகளில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் முன்னணி முகாம்களுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை. ஸ்லிமின் படைகள் சண்டை போட்ட ரோடுகள்தான் அவை. ஓய்வு பெற்ற பிறகு இந்தப் போரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். ஜப்பானியத் தரப்பை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அதனால் அவர்கள் தலைமையகத்துக்குள் நடந்த பூசல்களைப் பற்றி அடித்துப் பேசமாட்டேன். சோறு, நோய், பாதை என்று வரும்போது மட்டும் கொஞ்சம் உறுதியாகச் சொல்வேன். ஸ்லிமின் கதையில் பாதிக்கு மேல் அதுதான்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அவர் வந்த வழி அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஜெனரல்கள் வழக்கமாக வந்த வழி இல்லை. 1891-ல் பிரிஸ்டலில் பிறந்து பர்மிங்காமில் வளர்ந்தவர். அப்பா இரும்புச் சாமான் மொத்த வியாபாரி, தொழில் நொடித்துப்போனவர். மகனை ராணுவக் கல்லூரிக்கு அனுப்பக் காசு கிடையாது. ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் வாத்தியார், அப்புறம் ஓர் இரும்புக் குழாய் கம்பெனியில் குமாஸ்தா. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் அதிகாரிகள் பயிற்சிப் படையில் சேர்ந்திருந்ததால், 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வெடித்ததும் தற்காலிக அதிகாரியானார். கலிப்பொலியில் பலத்த காயம், மெசபட்டோமியாவில் மறுபடி காயம், ஒரு மிலிட்டரி கிராஸ் பதக்கம். போர் முடிந்ததும் இந்திய ராணுவத்துக்கு மாறி கூர்க்கா ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். சொந்தப் பணம் இல்லாத அதிகாரிக்கு இந்தியாவில்தான் சம்பளத்தில் காலம் தள்ள முடியும். அதுவும் போதாமல், அந்தோணி மில்ஸ் என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிச் சம்பாதித்தார். 1938-ல் ஒரு கூர்க்கா பட்டாலியனுக்குத் தலைவரானபோது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. போர் மட்டும் வராமல் இருந்திருந்தால் கர்னலாகவோ பிரிகேடியராகவோ ஓய்வு பெற்றிருப்பார், நாம் பேர்கூடக் கேட்டிருக்க மாட்டோம்.

அவருடைய முதல் போர்க்களத் தலைமை தோல்வியில் முடிந்தது. 1940 நவம்பரில் சூடான் எல்லையில் கல்லாபாத், மெத்தம்மா என்ற இரண்டு இடங்களை இத்தாலியர்களிடமிருந்து பிடிக்கும் வேலை அவருடைய 10-ஆவது இந்திய பிரிகேடுக்கு. கல்லாபாத் கோட்டையைப் பிடித்தாயிற்று. ஆனால் டாங்கிகள் கண்ணிவெடியிலும் பாறையிலும் சிக்கிப் பழுதாயின. இத்தாலிய விமானங்கள் தலைக்கு மேல் குண்டு போட, எஸ்ஸெக்ஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன் ஒன்று குலைந்து பின்னால் ஓடியது. ஸ்லிம் மெத்தம்மா தாக்குதலைக் கைவிட்டுப் பின்வாங்கினார். துணிந்து முன்னேறியிருக்க வேண்டும், எச்சரிக்கையான வழியைத் தேர்ந்தெடுத்தது என் பிழை என்று பின்னாளில் அவரே எழுதினார். இந்தச் சின்னச் சண்டையை நான் இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த எஸ்ஸெக்ஸ் பட்டாலியனின் தலைவரை அவர் பதவியிலிருந்து நீக்கினார். எஸ்ஸெக்ஸ் ரெஜிமென்ட்டிலிருந்து வந்த நோயல் இர்வின் என்ற ஜெனரல், 1942-ல் ஸ்லிமுக்கு மேலதிகாரியாக வாய்த்தார்.

அதற்கு முன் இராக், சிரியா, ஈரான் என்று 10-ஆவது இந்திய டிவிஷனை நடத்தினார். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலைவனத்தில் பெட்ரோலைச் சேமித்து நீண்ட தூரம் சுற்றிப்போய் எதிரியின் பின்பக்கம் விழும் வித்தையை அங்கே பழகினார் என்பது மட்டும் முக்கியம், 1945-ல் அது திரும்ப வரும்.

1942 மார்ச்சில் பர்மாவுக்கு அனுப்பப்பட்டபோது ரங்கூன் ஏற்கெனவே விழுந்துவிட்டது. கையில் கொடுத்தது இரண்டு களைத்துப்போன டிவிஷன்களும் ஒரு டாங்கி பிரிகேடும். மேலதிகாரியாக ஜெனரல் அலெக்சாந்தர், பக்கத்தில் சீனப் படைகள், வானத்தில் ஜப்பானிய விமானங்கள் மட்டும். அடுத்த இரண்டு மாதங்களில் சுமார் 1,450 கி.மீ. பின்வாங்கினார்கள். பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றிலேயே நீளமான பின்வாங்கல் அது. ஏனாங்யாங்கில் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே கொளுத்திவிட்டு வந்தார்கள். அங்கே சூழப்பட்டுத் தண்ணீர் இல்லாமல் தவித்த டிவிஷன் மீண்டதில் சுன் லி-ஜென்னின் சீன டிவிஷனுக்குப் பெரிய பங்கு உண்டு. மே மாதம் சிந்த்வின் ஆற்றங்கரையில் டாங்கிகளையும் லாரிகளையும் விட்டுவிட்டுக் கால்நடையாக, முதல் மழையில் நனைந்தபடி இம்பால் வந்துசேர்ந்தார்கள். அதே பாதையில், அவர்களுக்கு முன்னும் பின்னுமாக, பர்மாவில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் நடந்தார்கள். நம் தமிழர்களும் அதில் ஏராளம். வழியில் காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ராணுவத்தின் பின்வாங்கலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த மக்களையும் சேர்த்துப் பேசினால்தான் கணக்கு சரியாகும்.

இந்தப் பின்வாங்கலில் ஸ்லிமின் பங்கு என்ன? படை சிதறாமல், ஆயுதம் ஏந்திய கையோடு, வரிசையாக வந்தது என்பது உறுதி. ஜப்பானியரை ஓரிடத்திலும் திருப்பி அடிக்க முடியவில்லை என்பதும் உறுதி. எல்லையில் வரவேற்ற இர்வின், இந்த மனிதர்களை நடத்திய விதம் மட்டமானது. மலேரியாவோடு வந்தவர்களுக்குக் கூரை இல்லை, கம்பளி இல்லை. இப்படி மரியாதையில்லாமல் பேசலாமா என்று ஸ்லிம் முகத்துக்கு நேரே கேட்டதற்கு, நான் சீனியர், நான் மரியாதைக் குறைவாகப் பேசுகிறேன் என்று நீங்கள் சொல்ல முடியாது என்கிற மாதிரி பதில் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் பர்மாவின் மேற்குக் கடற்கரையான அரக்கானில் இர்வின் நடத்திய தாக்குதல், வழக்கமாக மூன்று பிரிகேடுகளை நடத்தும் ஒரே டிவிஷனின் தலையில் ஒன்பது பிரிகேடுகளைக் கட்டி, குறுகலான கடற்கரையில் நேருக்கு நேர் மோதி, நாசமானது. ஸ்லிமின் கோர் (சில டிவிஷன்கள் சேர்ந்த படை) தலைமையகத்தை ஒதுக்கிவைத்திருந்தவர், எல்லாம் கைமீறிப்போன பிறகு 1943 ஏப்ரலில் அவரை அழைத்தார். பின்வாங்குவதைத் தவிர அப்போது செய்ய ஒன்றுமில்லை. பழியையும் ஸ்லிம்மேல் போட்டுப் பதவி நீக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, பதவி போனது இர்வினுக்கு. 1943 அக்டோபரில் 14-ஆவது ராணுவம் என்று பெயரிடப்பட்ட படைக்கு ஸ்லிம் தளபதியானார். தலைமையகம் கொமில்லா, இன்றைய வங்கதேசத்தில் இருக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வரலாம். அவர் பொறுப்பேற்ற 1943-ல், காயம்பட்டு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் நோய்வாய்ப்பட்டு 120 பேர் போனார்கள். இது அவரே கொடுத்த கணக்கு. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, தோல் நோய், டைபஸ். அதாவது பர்மா காடு இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிதான் தின்றது. பட்டினி, மழை, கொசு ஆகியவை ஜப்பானியருக்கு மட்டும் வந்த எதிரிகள் இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு பக்கம் அவற்றிலிருந்து மீண்டது, மறுபக்கம் அவற்றாலேயே செத்தது. இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதுதான் ஸ்லிமைப் பற்றிய உண்மையான கேள்வி.

மலேரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஏற்பாட்டில் காய்ச்சல் வந்த சிப்பாயை ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி இந்தியாவின் உள்ளே அனுப்புவார்கள். அவன் திரும்பப் பல மாதமாகும், சில பேர் திரும்பவே மாட்டார்கள். இதை மாற்றி, சண்டை நடக்கும் இடத்துக்குச் சில மைல் பின்னாலேயே கூடாரம் போட்டு மலேரியா சிகிச்சை முகாம்கள் வைத்தார்கள். சில வாரத்தில் ஆள் பட்டாலியனுக்குத் திரும்பினான். அப்புறம் மலேரியா வராமல் தடுக்கும் மெப்பாக்ரின் மாத்திரை. தினமும் விழுங்க வேண்டும், தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்று புரளி வேறு. சிப்பாய்கள் வாயில் போட்டுத் துப்பிவிடுவார்கள். ஸ்லிம் என்ன செய்தார் தெரியுமா? முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு யூனிட்டின் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. 95 சதவீதத்துக்குக் குறைவானவர்களிடம் மருந்து தென்பட்டால், அந்த யூனிட்டின் தலைவருக்கு வேலை போகும். மூன்று பேரைத்தான் நீக்க வேண்டியிருந்தது. அதற்குள் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1945-ல் நோயாளி எண்ணிக்கை நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. நான் பார்த்த யூனிட்களில் கொசுவலை ஒழுங்கு நின்றதும் கெட்டதும் கமாண்டிங் ஆபீசரின் அக்கறையைப் பொறுத்தே இருந்தது. டாக்டர் எவ்வளவு கத்தினாலும் அது நடக்காது. அதனால் இந்த உத்தரவின் அருமை எனக்குப் புரிகிறது.

சப்ளையில் அவருக்கு வாய்த்த ஆள் ஸ்னெல்லிங், இராக்கிலேயே கூட வேலை பார்த்தவர். இந்திய ராணுவத்துக்குச் சோறு போடுவது லேசான காரியம் இல்லை. ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், ஒருவர் பன்றி தொடமாட்டார், ஒருவருக்கு எந்தக் கறியும் ஆகாது. ஆப்பிரிக்க டிவிஷன்களுக்கு வேறு சாப்பாடு. ரேஷன் பட்டியலே பெரிய புத்தகம் மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் அவர்களே காய்கறி போட்டார்கள், வாத்து வளர்த்தார்கள், ஆடுகளைக் கொண்டுவந்து முன்னணிக்கு அருகிலேயே அறுத்தார்கள். முன்னணிப் படைகளுக்கு அரை ரேஷன் என்றால் தன் தலைமையகத்துக்கும் அரை ரேஷன் என்று ஸ்லிம் வைத்திருந்தார். தலைமையகத்து அதிகாரிகளுக்கு வயிறு காய்ந்தால் லாரி சீக்கிரம் கிளம்பும் என்பது சப்ளைக்காரன் எவனுக்கும் தெரியும்.

விமானத்திலிருந்து சாமான் போடப் பாராசூட் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. கல்கத்தா சணல் ஆலைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசி, சணலிலேயே பாராசூட் நெய்யச் சொன்னார்கள். பட்டு மாதிரி இறுக்கமாக நெய்தால் சணல் சரிப்படவில்லை. துணியின் இழைகளுக்கு நடுவே காற்று தானே கசிகிற மாதிரி நெய்து, உச்சியில் ஓட்டை வைக்காமல் விட்டார்கள். மனிதனை இறக்க முடியாது, ஆனால் அரிசி மூட்டைக்கும் குண்டுப் பெட்டிக்கும் தாராளமாகப் போதும். வழக்கமான பாராசூட்டுக்கு 20 பவுனுக்கு மேல், சணல் பாராசூட்டுக்கு ஒரு பவுனுக்குச் சற்று மேல். ரோடு போடக் கல் கிடைக்காத இடங்களில் அதே சணல் சாக்கைத் தாரில் முக்கி, ஓலை வேய்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி விரித்து, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த ஆகாய சப்ளை கையில் இருந்ததால்தான் சண்டை முறையையே மாற்ற முடிந்தது. 1942-ல் ஜப்பானியர் ஜெயித்த முறை எளியது: காட்டுக்குள் சுற்றிவந்து பின்னால் ரோட்டை மறித்துவிடுவார்கள், முன்னால் இருக்கும் படை பயந்து பின்வாங்கும், விட்டுச்சென்ற கிடங்கிலிருந்து ஜப்பானியர் சாப்பிடுவார்கள். இனிமேல் பின்னால் எதிரி வந்தால் நகராதீர்கள், நின்ற இடத்திலேயே நில்லுங்கள், சோறு வானத்திலிருந்து வரும், சூழப்பட்டவன் அவன்தான் என்று ஸ்லிம் சொல்லிக்கொடுத்தார். 1944 பிப்ரவரியில் அரக்கானில் இது சோதனைக்கு வந்தது. 7-ஆவது இந்திய டிவிஷனின் நிர்வாகப் பகுதி, குமாஸ்தா, சமையல்காரர், மெக்கானிக் எல்லோருமாக, இரண்டு வாரத்துக்கு மேல் முற்றுகையில் நின்று சமாளித்தது. கிடங்கு கைக்கு வரும் என்று நம்பி வந்த ஜப்பானியர் பசியோடு திரும்பினார்கள்.

அடுத்த மாதமே இம்பாலும் கோஹிமாவும். முத்தகுச்சி ரென்யா என்ற ஜப்பானிய ஜெனரல் சுமார் 85,000 பேரோடு எல்லை தாண்டினார். சிப்பாய்களின் கையில் சுமார் மூன்று வாரச் சாப்பாடு. கூட ஓட்டிவந்த மாடுகளில் பல சிந்த்வின் ஆற்றிலும் மலையிலும் போயின. மழைக்காலம் வருவதற்குள் இம்பாலைப் பிடித்து அங்குள்ள கிடங்கில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். அந்த மலைகளில் மழைக்காலத்தில் ஒரு மூட்டை அரிசி மேலே ஏற என்ன பாடு படவேண்டும் என்று பார்த்தவன் என்ற முறையில், அதைத் திட்டம் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. சரி, இதில் ஸ்லிமின் பங்கு எங்கே? தாக்குதல் வரப்போகிறது என்று முன்பே கணித்து, எல்லையில் நிற்கும் டிவிஷன்களை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொள்வது, எதிரியைச் சிந்த்வினுக்கும் மலைக்கும் இந்தப் பக்கம் வரவிட்டு, அவன் சப்ளைக் கயிறு முழுக்க இழுபட்ட இடத்தில் மோதுவது என்று முடிவெடுத்தார். இது உறுதி, நடந்த பிறகு ஜோடித்த கதை இல்லை. எதிரி பட்டினி கிடந்தது தற்செயல் என்று சொல்வதற்கு என்னால் ஒப்புக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம். முத்தகுச்சியின் தவறு முத்தகுச்சியுடையது. அந்தத் தவறின் விலையை எங்கே, எப்போது வசூலிப்பது என்பதை ஸ்லிம் முடிவு செய்தார்.

ஆனால் அவர் கணித்தபடியே எல்லாம் நடந்தது என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். இரண்டு பெரிய பிழைகள் நடந்தன, இரண்டையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இம்பாலுக்குத் தெற்கே பர்மா எல்லைக்குள் டிட்டிம் பக்கம் இருந்த 17-ஆவது டிவிஷனைப் பின்னால் அழைக்கும் நேரத்தைக் கீழிருந்த தளபதிகளிடம் விட்டுவிட்டார். உத்தரவு தாமதமாகி, டிவிஷன் சண்டை போட்டுக்கொண்டே வெளியே வர வேண்டியதாயிற்று, இம்பாலின் கையிருப்புப் படை அதை மீட்கவே போய்விட்டது. கோஹிமாவுக்கு ஜப்பானியர் ஒரு ரெஜிமென்ட்டைத்தான் அனுப்ப முடியும் என்று நினைத்தார், வந்தது ஒரு முழு டிவிஷன். அந்த நேரத்தில் கோஹிமாவில் சண்டைக்கு லாயக்கானவர்கள் சுமார் 1,500 பேர். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல், டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, கையெறி குண்டு வீசும் தூரத்தில் சண்டை நடந்தது. அந்தச் சின்னப் படை உடைந்திருந்தால் ஸ்லிமின் பெயர் இன்று வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

இந்தப் பிழையைச் சரிசெய்தது விமானங்கள். 5-ஆவது இந்திய டிவிஷனை, பீரங்கி, கோவேறு கழுதையோடு அரக்கானிலிருந்து தூக்கிக் கொண்டுவந்து இம்பாலிலும் திமாப்பூரிலும் இறக்கினார்கள். அதற்கான விமானங்கள், சீனாவுக்குச் சாமான் போய்க்கொண்டிருந்த அமெரிக்கப் போக்குவரத்திலிருந்து எடுத்தவை. மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திராமல் எடுத்த அந்தத் துணிச்சல், தென்கிழக்கு ஆசியாவில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த மவுன்ட்பேட்டனுடையது. இம்பாலில் அடைபட்டுக் கிடந்த சுமார் 1.5 லட்சம் பேருக்கு ஜூன் 22-ஆம் தேதி ரோடு திறக்கும் வரை வானத்திலிருந்துதான் சோறு. சண்டையில் பங்கில்லாத 40,000-க்கும் மேற்பட்டவர்களைத் திரும்பும் விமானங்களில் வெளியேற்றி, சாப்பிடும் வாய்களைக் குறைத்தார்கள். ரேஷனையும் வெட்டினார்கள். ஆக, இம்பால் வெற்றியில் அமெரிக்க, பிரிட்டிஷ் விமானிகளின் பங்கை எடுத்துவிட்டால் ஸ்லிமின் திட்டம் காகிதத்தில்தான் நிற்கும். அவரும் அதை மறுத்ததில்லை.

கோஹிமாவைத் தாண்டி ஜப்பானியர் நேராகத் திமாப்பூர் ரயில் கிடங்கைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்லிம் மிகவும் பயந்தது அதற்குத்தான். ஆனால் 31-ஆவது டிவிஷன் தளபதி சாட்டோ அதைச் செய்திருக்க முடியுமா, அவர் கையில் அதற்கு வேண்டிய சோறும் குண்டும் இருந்ததா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. என் சப்ளைப் புத்தி முடியாது என்கிறது. அதே சாட்டோ, சோறு அனுப்பாத மேலிடத்தின் உத்தரவை மீறித் தன் படையைப் பின்னால் அழைத்துக்கொண்டு போய்ப் பதவியிழந்தார். மொத்தத்தில் ஜப்பானியர் தரப்பில் சுமார் 30,000 பேர் இறந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் குண்டில் செத்தவர் எத்தனை, நோயிலும் பசியிலும் செத்தவர் எத்தனை என்று பிரித்துச் சொல்லும் எந்தக் கணக்கையும் சந்தேகத்தோடு பாருங்கள். பட்டினியில் பலவீனமானவன் காயத்தில் சாகிறான், காயம்பட்டவன் நடக்க முடியாமல் பசியில் சாகிறான்.

பசிதான் ஜெயித்தது என்ற வாதம் எந்த வகையிலும் எடுபடாத இடம் 1945. தற்காப்பில் நின்று எதிரி களைக்கும்வரை காத்திருந்தார் என்று இம்பாலைப் பற்றி யாராவது சொல்லலாம். ஐராவதி ஆற்றைக் கடந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மாண்டலேக்கு வடமேற்கே ஷ்வேபோ சமவெளியில் ஜப்பானியரை மடக்கலாம் என்பது ஸ்லிமின் முதல் திட்டம். புதிய ஜப்பானியத் தளபதி கிமுரா சமர்த்தராக ஆற்றுக்குப் பின்னால் போய்விட்டார். 1944 டிசம்பர் நடுவில் தன் கணிப்பு தவறு என்று உணர்ந்த ஸ்லிம், சில நாட்களுக்குள் முழுத் திட்டத்தையும் மாற்றினார். ஒரு கோர் மாண்டலேயை நோக்கி ஆரவாரமாகப் போகும். இன்னொரு கோர், மெசர்வியின் தலைமையில், மேற்கே காட்டுப் பள்ளத்தாக்கு வழியாகச் சத்தமில்லாமல் தெற்கே இறங்கி, பகான் அருகே ஆற்றைக் கடந்து, ஜப்பானியரின் கிடங்குகளும் விமானதளங்களும் இருந்த மெய்க்டிலாவைப் பிடிக்கும். அந்தக் கோரின் வயர்லெஸ் முழுக்க மௌனம். அது பழைய இடத்திலேயே இருக்கிறது என்று காட்ட, தாமு அருகே ஒரு போலித் தலைமையகம் வைத்து அங்கிருந்து ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கலேவாவில் சிந்த்வின்மேல் 1,154 அடி நீளத்துக்கு, இரும்புச் சட்டங்களைக் கோத்துச் சீக்கிரம் கட்டும் பெய்லி பாலம் கட்டினார்கள், ஆற்றங்கரையிலேயே தேக்கு மரம் அறுத்துப் படகு செய்தார்கள்.

1945 பிப்ரவரி 14-ஆம் தேதி பகானுக்குப் பக்கத்து நியாங்கூவில் 7-ஆவது டிவிஷன் ஆற்றைக் கடந்தது. முதல் படகுகள் குழம்பி நீரோட்டத்தில் இழுபட்டன, சில சுடப்பட்டன. ஆனாலும் கரை ஏறிவிட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் மெய்க்டிலா விழுந்தது. மாண்டலேயைக் காக்க நின்ற ஜப்பானியப் படைக்குச் சோற்று வாசல் அடைபட்டது. 20-ஆம் தேதி மாண்டலேயும் கைக்கு வந்தது. கிமுராவின் டிவிஷன்கள் ஆள் குறைந்தவை, வானம் முழுக்க நேசநாடுகளின் கையில் இருந்தது, இதையெல்லாம் மறுக்கவில்லை. இருந்தாலும் எதிரியின் பசி தானாக வரும்வரை காத்திராமல், அதைக் கொண்டுவருவதற்காகவே நூற்றுக்கணக்கான மைல் சுற்றிப்போன திட்டம் இது. ரங்கூனை மட்டும் அவர் படை தரைவழியே பிடிக்கவில்லை. முன்கூட்டியே மழை பிடித்துக்கொண்டது, மே மாதம் 3-ஆம் தேதி கடல்வழியே வந்த 26-ஆவது இந்திய டிவிஷன் உள்ளே நுழைந்தபோது ஜப்பானியர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள்.

இந்தியர்களாக நாம் இந்த வரலாற்றைப் படிக்கும்போது சேர்த்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவருடைய ராணுவத்தில் பெரும்பான்மை இந்தியச் சிப்பாய்கள், அப்புறம் கூர்க்காக்கள், ஆப்பிரிக்கர்கள், பிரிட்டிஷார். ரோடும் பாலமும் போடும் மெட்ராஸ் சாப்பர்களும் அங்கே இருந்தார்கள். எதிர்க்கரையில் இந்திய தேசிய ராணுவம். மலாயாவில் ரப்பர் தோட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் இருந்தார்கள். நியாங்கூவிலும் பகானிலும் ஐராவதிக் கரையைக் காவல் காத்ததில் அந்தப் படைக்குப் பங்கு உண்டு. ஸ்லிம் அவர்களைப் பொருட்டாக மதிக்கவில்லை என்பது அவர் எழுத்தில் தெரிகிறது. அது ஏகாதிபத்திய அதிகாரியின் பார்வை. சரணடைய வந்தவர்களைச் சுடாமல் ஏற்றுக்கொள்ளும்படி உத்தரவு போட வேண்டியிருந்தது என்றும் அவரே சொல்கிறார். 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கிழக்கிந்தியாவில் உள்நாட்டுப் பாதுகாப்பு வேலையும் அவருடைய கோரிடம் இருந்தது. 1943-ல் அவர் தலைமையகம் இருந்த அதே வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் செத்தார்கள். அந்தப் பஞ்சத்துக்கான கொள்கை முடிவுகள் அவர் எடுத்தவை அல்ல. ஆனால் ஒரு ராணுவத்துக்குச் சோறு போட்ட சாமர்த்தியத்தை வியக்கும்போது அது எந்த நிலத்தில் நடந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

தலைசிறந்தவரா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பிரிட்டிஷ் தளபதிகளில் நான் அவரைத்தான் முதலில் வைப்பேன், ஆனால் இது நிரூபிக்கக்கூடிய விஷயம் இல்லை. மாண்ட்கோமெரி மோதியது ஜெர்மானியரோடு, வேறு அளவில், வேறு தளவாடத்தோடு. அதே காலத்தில் ஐரோப்பாவில் ஸ்லிம் எப்படி இருந்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. நான் அவரை முன்னால் வைக்கும் காரணம், படுதோல்வி அடைந்த அதே படையை, அதே எதிரிக்கு எதிராக, அதே நிலத்தில், கிடைத்த மிச்சசொச்சங்களைக் கொண்டு திருப்பி நடத்தி ஜெயித்த இன்னொருவரை அந்தப் போரில் எனக்குத் தெரியாது.

அவருடைய மேலிடத்துக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பது வேதனையான விஷயம். ரங்கூன் விழுந்த அதே மே மாதம், மேலதிகாரி ஆலிவர் லீஸ் அவரைக் கூப்பிட்டு, 14-ஆவது ராணுவத்தை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறேன், நீங்கள் பர்மாவில் மிச்சமிருப்பதைக் கூட்டிப் பெருக்கும் படைக்குப் போங்கள் என்கிற ரீதியில் சொன்னார். ஸ்லிம் மறுத்தார், ஓய்வு பெற்றுவிடுகிறேன் என்றார். செய்தி படைக்குள் பரவியதும் அதிகாரிகளிடமும் சிப்பாய்களிடமும் கொந்தளிப்பு. லண்டனில் தலைமைத் தளபதி ஆலன்புரூக் தலையிட, சில வாரங்களில் வேலை போனது லீஸுக்கு. அந்த இடத்துக்கே ஸ்லிம் வந்தார். போருக்குப் பிறகு ஓய்வு பெற்று ரயில்வே நிர்வாகத்தில் இருந்தவரை, 1948-ல் பிரதமர் அட்லி திரும்ப அழைத்து பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக்கினார். தனக்குப் பின் வேறொருவர் என்று அப்போது அந்தப் பதவியில் இருந்த மாண்ட்கோமெரி ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டிருந்தும் அட்லி கேட்கவில்லை. இந்திய ராணுவத்திலிருந்து வந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. பிறகு ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரலாக 1960 வரை இருந்தார், 1970-ல் காலமானார். லண்டனில் அவருக்குச் சிலை வைத்தது 1990-ல்தான்.